நாணலும் மனோன்மணியும்: பாரசீக ஞானக் குறியீடுகள் காவிரிப் படுகையில்

பாரசீக மெய்ஞ்ஞான இலக்கியம் 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கஜினியின் சனாயீயிடம் உருப்பெற்று, நிஷாப்பூரின் அத்தார், கொனியாவில் அடங்கிய ஜலாலுத்தீன் ரூமி, ஷீராஸின் ஹாஃபிஸ் ஆகியோரிடம் உச்சங்களைத் தொட்டு, 1492இல் ஹெராத்தில் மறைந்த ஜாமியோடு தன் செவ்வியல் காலத்தை நிறைவு செய்துகொண்ட பெருமரபு. இறைவனை நாடும் உயிரின் தவிப்பை மதுவாகவும் மதுக்கடையாகவும், காதலியின் கூந்தலாகவும் கன்னத்து மறுவாகவும், சுடரில் விழும் பூச்சியாகவும், புதரிலிருந்து வெட்டி எடுக்கப்பட்ட நாணலாகவும் பேசுவது அதன் இயல்பு. கண்ணுக்குப் புலனாகும் பொருளைச் சொல்லி, புலனாகாத ஒன்றை உணர்த்துவதும், உணர்த்திய பின்னரும் சொன்ன பொருளின் உயிர்ப்பு குன்றாமல் இருப்பதும் குறியீட்டின் இலக்கணம். உவமையில் பொருளும் உவமமும் அருகருகே நிற்கும். குறியீட்டில் உவமம் மட்டுமே நிற்க, பொருளைக் கற்பவர் தம் பயிற்சியாலும் பக்குவத்தாலும் கண்டுகொள்ள வேண்டும்.

நெல் விளையும் காவிரிப் படுகைக்கும், பாலையின் நடுவே சுவர் எழுப்பித் தோட்டம் வளர்க்கும் ஈரான் நிலத்துக்கும் இடையிலுள்ள தொலைவு பெரிது. ஆயினும் 16ஆம் நூற்றாண்டு முதல் நாகூரில் நிலைபெற்ற ஞான மரபும், திரிசிரபுரமாகிய திருச்சிராப்பள்ளியில் தீட்சை பெற்ற குணங்குடி மஸ்தான் சாகிபின் பாடல்களும், 20ஆம் நூற்றாண்டில் கூத்தாநல்லூர்க் கவிஞர் ஒருவர் இயற்றிய காப்பியமும் அத்தொலைவைக் கடந்த தடங்களாக இன்றும் இருக்கின்றன. இத்தடங்களைப் பின்பற்றிச் செல்லும்போது தெளிவாகும் செய்தி இதுதான்: காதலிப்பவருக்கும் காதலிக்கப்படுபவருக்கும், மதுவுக்கும் அருந்துபவருக்கும், பிரிந்ததற்கும் பிரிந்த இடத்துக்கும் உள்ள உறவுகளே பாரசீகத்திலிருந்து இங்கு வந்தன, அவ்வுறவுகளில் நிற்கவேண்டிய பொருள்களை இந்த மண்ணும், அகத்திணை மரபும், சித்தர் யோகமும் கொடுத்தன. பொருள் மாறியதால் சில இடங்களில் உறவே புதிய திசைக்குத் திரும்பியது. சில குறியீடுகள் இங்கு வேர்பிடிக்கவே இல்லை.

பாரசீகக் குறியீடுகளுக்கு உரை கூறும் நூல்களில் தலையாயது, தப்ரீஸை அடுத்த ஷபிஸ்தர் என்னும் ஊரினரான மஹ்மூத் ஷபிஸ்தரி 1317இல் இயற்றிய ‘குல்ஷனே ராஸ்’. மறைபொருளின் மலர்த்தோட்டம் எனப் பொருள்படும் இந்நூல் ஏறத்தாழ ஆயிரம் ஈரடிகளைக் கொண்டது. ஹெராத்தில் வாழ்ந்த அமீர் ஹுசைனி என்னும் ஞானி அனுப்பிய வினாக்களுக்கு விடையாக எழுந்தது. கண், இதழ், கூந்தல், மறு என்று ஞானியர் பாடுவது எதை, மதுவும் சுடரும் எவை, ஒரே இறைவனை நம்புபவர் சிலையையும் பூணூலையும் போற்றிப் பாடுவது எப்படிப் பொருந்தும் என்பன அவ்வினாக்களுட் சில. ஷபிஸ்தரியின் விளக்கத்தில் காதலியின் முகம் இறைமையின் ஒருமை வெளிப்படும் ஒளி. அம்முகத்தின்மேல் புரளும் கூந்தல் அந்த ஒருமையை மறைக்கும் பன்மையாகிய உலகம். கன்னத்தின் மறு எல்லா எண்ணிக்கையும் பிறக்கும் ஒற்றைப் புள்ளி. கண் தன் பார்வையால் உயிரைக் கொள்வது, இதழ் தன் மூச்சால் உயிரைத் தருவது. இவ்விளக்கங்களுக்கு அடியில் ஷபிஸ்தரி வைக்கும் கொள்கை துணிவானது. கூந்தல், மது போன்ற சொற்கள் முதலில் அந்த மறைபொருள் உலகுக்கே உரியவை என்றும், புலனறியும் பொருள்களுக்கு அவை பின்னரே இடப்பட்டன என்றும் அவர் கருதினார். அவ்வாறாயின், கவிஞர் மதுவைப் பாடும்போது அச்சொல் தன் முதற்பொருளுக்கே திரும்புகிறது.

இத்தகைய விளக்கநூல்கள் பெருகியதால் ஒரு தீங்கும் நேர்ந்தது. இதற்கு இது பொருள் என்று பட்டியலிட்டு வைத்துக்கொண்டு பாடலைப் படிக்கும் வழக்கம் பரவி, ஹாஃபிஸின் ஒவ்வொரு கிண்ணத்துக்கும் ஒரு தத்துவப் பெயர் ஒட்டப்பட்டது. பட்டியலோடு படிப்பவர் கவிதையை இழக்கிறார். பட்டியலே தேவையில்லை என்பவர் ஞானத்தை இழக்கிறார். இரண்டுக்கும் நடுவே நின்று படிக்கும் பயிற்சி தமிழ் வாசகருக்குத் தம் மரபிலேயே கிடைத்திருப்பதுதான் இங்குக் கருதத்தக்கது.

தொல்காப்பியம் கூறும் உள்ளுறை உவமம், அகப்பாடலில் வரும் கருப்பொருளின் வழியே சொல்லாத செய்தியைப் புலப்படுத்தும் முறை. மருத நிலத்துப் பொய்கையில் எருமை இறங்கித் தாமரையைச் சிதைத்தது என்று பாடல் சொன்னால், அது தலைவனின் பரத்தமையைச் சுட்டுகிறது என்பதைத் திணையறிந்தவர் உணர்ந்துகொள்வர். எருமையும் பொய்கையும் அப்போதும் எருமையாகவும் பொய்கையாகவுமே இருக்கும். தஞ்சை நிலம் பெரும்பகுதியும் மருதம் என்பதால் இவ்வுள்ளுறைகளின் காட்சிப்பொருள்கள் இப்பகுதியின் அன்றாடக் காட்சிகளே. ஆனால், கருப்பொருள்களுள் தெய்வத்தை நீக்கி ஏனையவற்றின்மீதே உள்ளுறை அமையவேண்டும் என்பது தொல்காப்பியர் வகுத்த வரையறை. பாரசீகக் குறியீடு தெய்வம் ஒன்றையே நோக்கியிருக்க, தமிழ் உள்ளுறை தெய்வத்தை விலக்கி நின்றது. இவ்விடைவெளியைப் பிற்காலத்தில் பக்தி இலக்கியம் நிரப்பியது. சீர்காழிக்கு அருகிலுள்ள திருக்குறையலூரில் பிறந்த திருமங்கையாழ்வார் பரகால நாயகியாகித் திருமாலைக் காதலித்துப் பாடியபோது, அகத்திணையின் தலைவி உயிராகவும் தலைவன் இறைவனாகவும் மாறினர். பாரசீக ஞானம் படுகையை எட்டுவதற்கு முன்னரே, காதலை இறைவழியாகப் படிக்கும் பழக்கம் இங்கு வழிவழியாக நிலைத்திருந்தது.

பாரசீக மொழி படுகைக்குள் நுழைந்த வாயில்கள் பல. பிஜப்பூர் சுல்தானகத்தின் படைத்தலைவராக இருந்த ஏகோஜி தஞ்சையில் மராத்தியர் ஆட்சியை நிறுவிய காலம் முதல் ஆட்சிமொழியின் தடம் கணக்குகளில் ஆழப் பதிந்தது; மிராசு, கிஸ்தி, பசலி, ஜமாபந்தி என்று வயலோடு ஒட்டிய சொற்கள் பாரசீக ஆட்சிமுறை வழியாக வந்தவையே. சரசுவதி மகால் நூலகத்தின் பெருந்தொகையான வடமொழி, தமிழ், மராத்திச் சுவடிகளுக்கிடையே பாரசீக, உருதுச் சுவடிகளும் சிறு அளவில் இடம்பெற்றுள்ளன. ஆனால் ஞானக் குறியீடுகள் அரண்மனை வாயிலைவிட தர்கா வாயிலிலேயே மிகுதியாக வந்தன.

நாகூரில் அடங்கியிருக்கும் ஷாகுல் ஹமீது நாயகம் வடநாட்டு மாணிக்கப்பூரில் பிறந்தவர். அவர் குவாலியரில் முகம்மது கௌஸ் என்னும் பெரியாரிடம் பயின்றார் என்று அவர் வரலாற்றைக் கூறும் நூல்கள் உரைக்கின்றன. இந்த ஆசிரியர் பெயர் ஆழ்ந்த கவனத்துக்குரியது. ஷத்தாரிய்யா என்னும் ஞானப் பாட்டையைச் சேர்ந்த முகம்மது கௌஸ் 1563இல் மறைந்தவர். ‘அம்ருதகுண்டம்’ என்னும் இந்திய யோகநூலின் வழிவந்த அரபு நூலை விரித்து ‘பஹ்ருல் ஹயாத்’, அதாவது உயிரின் கடல், என்னும் பெயரில் பாரசீகத்தில் எழுதியவர். மூச்சுப் பயிற்சியையும் இருக்கைகளையும் சூஃபி நெறியின் சொற்களால் விளக்கிய நூல் அது. நாகூரின் குருமரபாகப் போற்றப்படுவது, யோகத்தையும் பாரசீக ஞானத்தையும் ஏற்கெனவே ஒரே ஏட்டில் எழுதிப் பார்த்திருந்த மரபு. தமிழ்ச் சூஃபிப் பாடல்களில் யோகச் சொற்கள் மிகுந்திருப்பதைக் கண்டு, அவை சித்தர் பாடல்களைப் பார்த்து எழுதப்பட்டவை என்று சொல்லிக் கடந்துபோகும் ஆய்வாளர் இதைக் கணக்கில் கொள்வதில்லை.

நாகூர் தர்காவின் மனாராக்களுள் உயர்ந்ததான 131 அடிப் பெரிய மனாராவை எழுப்பியவர் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாபசிங். கடலோடிகளும் உழவர்களும் நேர்த்திக்கடன் செலுத்தும் கந்தூரி விழாவுக்கு ஃபக்கீர்கள் பல திசைகளிலிருந்தும் வந்து கூடினர். ஃபக்கீர் என்போர் உடைமை துறந்து, ஷைகு எனப்படும் ஞானாசிரியரிடம் வழியறிந்து, ஊர்ஊராகப் பாடித் திரிந்த துறவியர். கிண்ணமும் சுடரும் கூந்தலும் அவர்கள் வாய்வழியாகவே பெரிதும் பயணம் செய்தன. 1823இல் ஆர்க்காட்டு நவாப் அஸம் ஜா சென்னையிலிருந்து நாகூருக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் மேற்கொண்ட புனிதப் பயணத்தை, உடன்சென்ற குலாம் அப்துல் காதிர் நாஸிர் ‘பஹாரே அஸம் ஜாஹி’ என்னும் பாரசீக நூலாக எழுதினார். பஹார் என்றால் வசந்தம். பயணக் குறிப்புக்கும் வசந்தம் என்று பெயரிடும் பாரசீகக் கவிமரபு, படுகையின் ஊர்களைத் தன் சொற்களால் வருணித்திருக்கும் அரிய ஆவணம் அது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முகம்மது ஹுசைன் நயினார் இதனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். தமிழாக்கம் வெளியானால் தஞ்சை, நாகை, திருச்சி மாவட்ட வரலாற்று ஆர்வலர்களுக்கு அது பெருந்துணையாக அமையும்.

நாகூரில் 1833இல் பிறந்து 1908இல் மறைந்த மகாவித்துவான் குலாம் காதிறு நாவலர், திருவாவடுதுறை ஆதீன வித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர். ‘நாகூர்ப் புராணம்’, ‘நாகூர்க் கலம்பகம்’ முதலிய நூல்களால் அவர் செய்தது, இசுலாமிய ஞானியின் பெருமையைச் சைவ மடத்தில் வளர்ந்த தமிழ்ச் செய்யுள் மரபின் உறுப்புகளுக்குள் முழுமையாகக் குடியேற்றியது. உமறுப் புலவர் சீறாப்புராணத்தின் நாட்டுப்படலத்தில் அரபு நாட்டை நெல்வயலும் வாளையும் தாமரையும் நிறைந்த மருதமாகப் பாடியதும் இதே உள்ளத்தின் வெளிப்பாடுதான். நிலம் மாறினால்தான் நெஞ்சில் நிற்கும் என்பதை இப்புலவர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

குறியீட்டு மாற்றத்தின் நடுநாயகமான சிக்கல் காதலில் யார் ஆண், யார் பெண் என்பது. கஸல் என்னும் பாரசீகக் காதற்பாடலில் பாடுபவன் காதலன். இறைவன் மஅஷூக், அதாவது காதலிக்கப்படுபவர். பாரசீக மொழியில் இலக்கணப் பால்வேறுபாடு இல்லாமையால், கூந்தலும் மறுவும் உடைய அந்தக் காதலுக்குரியவர் ஆணா பெண்ணா என்பது திறந்தே இருக்கும். தமிழ்ப் பக்தியிலோ பாடும் உயிர் பெண், இறைவன் ஆண். வினைமுற்றே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். இவ்விரு மரபும் சந்தித்தபோது தமிழ்ச் சூஃபிக் கவிஞர் ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டியிருந்தது.

1838இல் மறைந்த குணங்குடி மஸ்தான் சாகிபின் இயற்பெயர் சுல்தான் அப்துல் காதிர். தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியில் பிறந்து, திரிசிரபுரத்தில் மௌலவி ஷாம் சாகிபிடம் தீட்சை பெற்று, சென்னையில் துறவியாக வாழ்ந்தவர் என்று அவர் வரலாறு கூறுகிறது. திரிசிரபுரம் தாயுமானவரின் ஊர். வேதாரணியத்திலிருந்து வந்த குடும்பத்தில் தோன்றிய தாயுமானவர் ஈரடிகளாகிய கண்ணி வடிவத்தில் பாடிக்குவித்த வேட்கைப் பாடல்களின் ஓசை, மஸ்தான் சாகிபின் பராபரக்கண்ணியிலும் எக்காலக்கண்ணியிலும் தெளிவாகக் கேட்கிறது. ஆனால் மனோன்மணிக்கண்ணியில் அவர் தாயுமானவரை விட்டு வேறு வழியில் செல்கிறார். அங்கே பாடுபவர் ஆண். ஏங்கி அழைக்கப்படுபவள் மனோன்மணி என்னும் பெண். இது பாரசீகக் கஸலின் உறவுமுறை. ஆனால் அந்தக் காதலிக்கு லைலா என்றோ ஷீரீன் என்றோ அவர் பெயரிடவில்லை. சைவாகமத்தில் சதாசிவனின் சத்திக்கும், யோகநூல்களில் மனம் ஒடுங்கிய உச்சநிலைக்கும் உரிய பெயரை எடுத்து அவளுக்குச் சூட்டினார்.

இத்தேர்வின் விளைவு ஆழமானது. பாரசீகக் காதலுக்குரியவர் காதலனுக்கு வெளியே, எட்டாத மாடத்தில், கூந்தல் திரையின் பின்னால் இருப்பவர்; அவரை நோக்கிய பயணம் வீதியிலும் மதுக்கடையிலும் பாலையிலும் நிகழ்வது. மனோன்மணியோ காதலனின் உடலுக்குள்ளேயே, மூச்சு மேலேறிச் சென்று சேரும் உச்சியில் இருப்பவள். காதலியைத் தேடும் பாதை முதுகுத்தண்டின் பாதையாகிவிடுகிறது. பன்மையின் திரையாகிய கூந்தலுக்கு இங்கு வேலை குறைந்து, மூச்சின் கணக்குக்கு வேலை மிகுகிறது. இதனைச் சித்தர் மரபின் நகல் என்பது காதலன் நிற்கும் இடத்தைக் காணாத வாசிப்பு. பாரசீக மரபின் இறக்குமதி என்பது காதலி இருக்கும் இடத்தைக் காணாத வாசிப்பு. குணங்குடியாரைச் சமயம் கடந்து போற்றியோருள் திருத்தணிகை சரவணப்பெருமாளையர் அவர்மீது நான்மணிமாலை பாடியிருப்பது, அக்காலத் தமிழ்ப் புலவர் இந்த இரட்டைத் தன்மையை இடர்ப்பாடாகக் கருதவில்லை என்பதற்குச் சான்று.

பாரசீகத்திலும் பெண்ணே காதலிப்பவளாக நிற்கும் பெருங்கதை ஒன்று உண்டு. திருக்குர்ஆனின் 12ஆம் அத்தியாயத்தில் வரும் யூசுப் நபியின் வரலாற்றில் அவரை விரும்பிய பெண்ணின் பெயர் சொல்லப்படவில்லை. சுலைகா என்னும் பெயரையும் அவளுக்கு ஒரு முழு வாழ்வையும் தந்தது பிற்கால மரபு. ஜாமி 1483இல் முடித்த ‘யூசுஃப் ஓ சுலைகா’வில் அவள் யூசுபைக் கனவில் கண்டு காதல் கொண்டு, அவருக்காகச் செல்வமும் இளமையும் கண்ணொளியும் இழந்து, வழிபட்ட சிலையைத் துறந்து, இறுதியில் இளமை மீண்டு அவரை மணக்கிறாள். கதையின் உச்சத்தை ஜாமி வைத்த இடம் வியப்பூட்டும். முன்பு தப்பியோடிய யூசுபின் சட்டையைச் சுலைகா பின்னாலிருந்து பற்றிக் கிழித்தாள். மணத்துக்குப் பின்னர், இறைக்காதலில் தோய்ந்து விலகியோடும் சுலைகாவின் ஆடையை யூசுபின் கை பின்னாலிருந்து பற்றிக் கிழிக்கிறது. தேடியவள் தேடப்படுபவளாகிறாள், கிழிந்த ஆடை இருமுறை வந்து, முதன்முறை இச்சையையும் மறுமுறை அந்த இச்சை முதிர்ந்த நிலையையும் காட்டுகிறது.

இக்கதையைத் தமிழில் ‘யூசுப் ஜுலைகா’ என்னும் காப்பியமாக 20ஆம் நூற்றாண்டில் இயற்றியவர் கூத்தாநல்லூரைச் சேர்ந்த கவிஞர் சாரணபாஸ்கரன். நன்னிலத்துக்கும் மன்னார்குடிக்கும் இடைப்பட்ட வயல்வெளியின் நடுவே அமைந்த அவ்வூரிலிருந்து இக்காப்பியம் எழுந்ததைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. பரகால நாயகியின் குரலைப் பல நூற்றாண்டுகளாகக் கேட்டுப் பழகிய நிலத்தில், காதலிப்பவள் பெண்ணாக வரும் பாரசீகக் கதை எளிதில் இடம்பிடித்தது.

மதுக் குறியீட்டின் வரலாறு வேறுவகை. பாரசீகக் கவிதையில் மதுவுக்கு வலிமை தருவது அதன்மீதுள்ள விலக்கே. சமயச் சட்டம் தடுத்த பொருள் என்பதால், அதனை விற்பவர் ஊர்ப்புறத்துப் பாழ்மனையில் வாழும் வேற்றுச் சமயத்தவராகக் காட்டப்படுவர்; தொழுகை விரிப்பை அடகு வைத்து அங்குச் செல்பவர் பக்தன் என்னும் பெயரையும் பெருமையையும் இழக்கத் துணிந்தவர். பாழ்மனை என்பது தன்முனைப்பு இடிந்துகிடக்கும் நிலை. தமிழில் இத்தகைய குடிகாரனுக்குரிய இடம் கலம்பகத்தின் ‘களி’ என்னும் உறுப்பில் முன்பே இருந்தது. ஆனால் அங்கு அவன் சிரிப்பூட்டும் பாத்திரம். இதற்கு மாறாகத் திருமூலர், கள்ளுண்ணலைக் கடியும் பகுதியிலேயே சிவானந்தத்தை மெய்யான தேறலாகக் கொண்டார். உலகக் கள்ளை விலக்கி உள்ளத்துத் தேறலை ஏற்பது தமிழ் முறை. விலக்கப்பட்ட மதுவின் பெயரையே மெய்ப்பொருளுக்குச் சூட்டுவது பாரசீக முறை. தமிழ்ச் சூஃபிகள் பெரும்பாலும் திருமூலர் வழியிலேயே அமுதம் என்றும் ஆனந்தம் என்றும் பாடினர். பாரசீக மது அவர்களின் பாட்டில் இடம்பெற்றதைவிட அவர்களின் பெயரிலேயே நிலைத்தது: போதையில் தன்னை மறந்தவர் என்னும் பொருளுடைய மஸ்தான் என்னும் பட்டம் குணங்குடியாருக்கும் உரியது, காரைக்காலில் கந்தூரி கொண்டாடப்படும் மஸ்தான் சாகிப் வலியுல்லாவுக்கும் உரியது.

இன்றைய தமிழ் வாசகர் பாரசீக மதுவை அறிந்தது கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் உமர்கய்யாம் பாடல்கள் வழியாகத்தான். அவை ஃபிட்ஸ்ஜெரால்டின் ஆங்கில நூலைத் தழுவியவை. ஃபிட்ஸ்ஜெரால்டு அந்த மதுவை மதுவாகவே கொண்டவர். கவிமணியின் இனிய தமிழில் மயங்கியோர் பலர், பாரசீக மது முழுவதும் மரநிழலும் ரொட்டியும் உடன்கொண்ட இன்பப்பொருளே என்று முடிவு செய்துவிட்டனர். ஹாஃபிஸையும் ரூமியையும் அந்தக் கண்ணாடி வழியே பார்ப்பது பொருந்தாது.

சுடரும் பூச்சியும் இந்த மண்ணில் வேர்பிடிக்காத குறியீடு. 922இல் பாக்தாதில் கொலைத்தண்டனைக்கு உள்ளான மன்சூர் ஹல்லாஜ் முதலாக, சுடரில் விழுந்து எரியும் பூச்சியே முழுமையான காதலன் என்று சூஃபி மரபு போற்றியது. அத்தாரின் நூலில் பூச்சிகள் சுடரை அறிந்துவர ஒவ்வொன்றாகச் செல்ல, எரிந்துபோன பூச்சிதான் உண்மையை அறிந்தது, ஆனால் அது திரும்பிவந்து சொல்லவில்லை. தமிழ் அறநூல் மரபிலோ விட்டில் என்பது ஐம்புலன்களால் அழியும் உயிர்களின் வரிசையில் கண்ணால் கெட்டது, எச்சரிக்கைக்குரிய எடுத்துக்காட்டு. நெல்விளையும் ஊர்களில் விளக்கை நாடிவரும் அந்துப்பூச்சிக்கு இன்னொரு பொருளும் உண்டு. நெற்பயிரின் தண்டைக் குடைந்து, வளர்பயிரில் நடுக்குருத்தைக் காயச்செய்து, பூக்கும் பருவத்தில் மணியில்லாத வெண்கதிரைத் தரும் குருத்துப்பூச்சியின் தாய் அது; அதனைப் பிடித்து அழிக்கவே வயலில் விளக்குப்பொறி வைக்கப்படுகிறது. வெண்கதிரைக் கண்டு வயிறெரிந்த உழவர் கூட்டத்துக்கு முன்னால் அப்பூச்சியைக் காதலின் தியாகியாகப் பாடுவது கடினம். பாரசீகக் கவிதையின் ரோஜாவும் புல்புல் பறவையும்கூட இங்கு வண்டுக்கும் தாமரைக்கும் இடம்விட்டன.

நாணல் அப்படியன்று. ரூமியின் ‘மஸ்னவி’, இருபத்தையாயிரத்துக்கும் மிகுந்த ஈரடிகள் கொண்ட அப்பெருநூல், புதரிலிருந்து வெட்டப்பட்ட நாணற்குழலின் புலம்பலோடு தொடங்குகிறது. நாணற்காடு உயிர் பிறந்த இடம்; வெட்டு என்பது பிறவி; கணுக்கள் துளைக்கப்பட்டு உள்ளீடற்றதாவது தன்முனைப்பு நீங்குவது; ஊதுபவரின் மூச்சு இறைவனின் அருள். தமிழ் மரபில் குழல் பெரும்பாலும் கண்ணனுடையது, ஆயருடையது; அது அழைக்கும், கேட்டவர் உருகுவர். மாலைப்பொழுதில் ஆயர் ஊதும் குழலோசை பிரிந்த தலைவியின் துயரை மிகுவிப்பதாக அகப்பாடல்கள் கூறும்; குழலே பிரிவுற்று அழுவதாகக் கொள்வது ரூமியின் சிறப்பு.

ஆனால் பாட்டில் இடம்பெறாத அக்குறியீடு படுகையின் கைத்தொழிலில் கண்ணெதிரே இருக்கிறது. நாகசுரத்தின் உடல் ஆச்சா மரத்தால் ஆனது. கும்பகோணத்தை அடுத்த நரசிங்கம்பேட்டை அதற்குப் பெயர்பெற்றது. அந்த மரத்துக்குக் குரல் தரும் சீவாளியோ காவிரிக் கரையில் வளரும் கொறுக்கை என்னும் நாணலிலிருந்து செய்யப்படுவது. அத்தொழிலுக்குப் பேர்போன ஊர் திருவாவடுதுறை. வெட்டிய தட்டையை உலர்த்திப் பதப்படுத்தி, அழுத்தி இரு இதழ்களாக்கி, கெண்டை எனப்படும் சிறு உலோகக் குழலின் தலையில் நூலால் இறுக்கிக் கட்டுவர். புதிய சீவாளி உடனே பேசாது. ஊதி ஊதி, வாயின் ஈரத்தில் பதமாகி, ஒலிப்பவரின் மூச்சுக்கு இசைந்த பிறகே சுருதியில் நிற்கும். அதனால்தான் பழக்கிய சீவாளிகளைக் கலைஞர்கள் வாத்தியத்திலேயே கோத்துத் தொங்கவிட்டிருப்பர். ரூமியின் குழலுக்கும் இதற்கும் வேற்றுமை உண்டு. அங்கே முழுக்குழலும் நாணல். இங்கே மூச்சு முதலில் தொடும் விரலளவு மட்டுமே நாணல், ஏனைய நீளமெல்லாம் அந்த நடுக்கத்தை வாங்கி ஒலிக்கும் மரம். இச்சிறு நாணலின் அருமையை உணர்ந்து தஞ்சாவூர்ப் பாணியைக் கற்று, திருவரங்கத்தில் குடியேறி நாதசுரக் கலைக்கு வாழ்வை அளித்தவர் ஷேக் சின்ன மௌலானா என்பதையும் இங்குக் கூறாமல் இருக்க முடியாது.

திருமூலர் தவமிருந்ததாகக் கூறப்படும் திருவாவடுதுறை, மீனாட்சிசுந்தரம் பிள்ளை ஆதீனத்தில் இருந்து கற்பித்த திருவாவடுதுறை, சீவாளி செய்யும் திருவாவடுதுறை ஆகியவை ஒரே ஊர். உள்ளத்துத் தேறலைப் பற்றிய தமிழ்ப் பேச்சும், நாகூரின் மகாவித்துவானை ஆக்கிய செய்யுட் கல்வியும், ரூமியின் குறியீட்டுக்குப் படுகை தரும் கைப்பொருளும் அங்குக் கூடியிருக்கின்றன. தமிழ்ச் சூஃபி இலக்கியத்தை ஆராய்பவர் நாகூரிலிருந்து திருவாவடுதுறைக்கும் ஒருமுறை சென்றுவருவது பயனுள்ளது.

இவ்வாராய்ச்சி முன்செல்லச் செய்யவேண்டுவன சில உள்ளன. குணங்குடி மஸ்தான் சாகிப் பாடல்களுக்கு யோகச் சொற்பொருளையும் பாரசீக, அரபு ஞானச் சொற்பொருளையும் ஒருங்கே தரும் விரிவான உரைப்பதிப்பு வேண்டும். தக்கலை பீர்முகம்மது அப்பாவின் ஞானப்பாடல்களுக்கும், கீழக்கரை ஆசியா உம்மா போன்ற பெண் ஞானியரின் பாடல்களுக்கும் அத்தகைய உரை வேண்டும். தமிழ் முதுகலை மாணவர் ஓரிருவராவது பாரசீகம் கற்க உதவித்தொகை அளிப்பது இப்பகுதியின் அறக்கட்டளைகளால் இயலாத செயலன்று. தமிழ்மொழியை அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழ் ஏடுகள் நாகூர், காரைக்கால், அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, கூத்தாநல்லூர் ஆகிய ஊர்களின் பழைய வீடுகளில் பெட்டிகளிலும் பரண்களிலும் இருக்கக்கூடும். கடற்காற்றின் உப்பீரமும் கரையானும் தாளை விட்டுவைப்பதில்லை. அவ்வேடுகளை வைத்திருக்கும் குடும்பத்தார் உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ஓலைச்சுவடித் துறையிடமோ சரசுவதி மகால் நூலகத்திடமோ ஒளிப்படம் எடுக்கவாவது அவற்றைக் கொடுத்துதவ வேண்டும். அடுத்த மழைக்காலத்துக்கு முன்னரே கொடுத்துதவ வேண்டும்.